ஒன்பதாவது அட்டவணை, பிரிவு 17 நிலம், கதவில் ஒட்டும் நோட்டீஸ்: கூடலூரில் அரசின் கை எதுவரை நீளும்?

ஓவேலி மிளகு (இழையைத் தொடங்கியவர்)

கூடலூர், பந்தலூர் பக்கம் நிலப் பிரச்சினை எந்தக் கூட்டத்தில் வந்தாலும் யாராவது ஒருவர் எழுந்து, "ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது, எந்தக் கோர்ட்டும் அதில் கை வைக்க முடியாது" என்று பேச்சை முடித்து வைத்துவிடுகிறார். அரசியலமைப்பின் அந்த அட்டவணையில் உள்ள சட்டங்களையும் பரிசோதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2007 தீர்ப்புக்குப் பிறகும் இது சரிதானா?

இரண்டாவது கேள்வி. அந்தச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் நிலத்தில் (தோட்டப் பயிருக்குக் குத்தகைக்கு விட்ட ஜென்ம நிலம்) குடியிருப்பவர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினால் முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்? "நல்ல வக்கீலாப் பாருங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கட்சிச் சண்டை வேண்டாம்.

வழக்குக்கட்டு

கூட்டத்தில் எழுந்து சொல்பவர் பாதி சரி. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நிலம்பூர் கோவிலகத்தின் (அரச குடும்பத்தின்) ஜென்ம நிலங்களை, அதாவது ஜமீன் மாதிரியான பரம்பரை நில உரிமையை, ஒழித்து ரயத்துவாரிக்கு (விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டும் முறைக்கு) மாற்ற 1969-இல் தமிழ்நாடு சட்டம் போட்டது. எஸ்டேட்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1972-இல் பால்மாடீஸ் வழக்கில் வந்த தீர்ப்பு, சட்டத்தின் பெரும்பகுதி செல்லும், ஆனால் ஜென்ம எஸ்டேட்டுக்குள் இருக்கும் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது, ஆகவே அந்தப் பகுதி செல்லாது என்றது. இரண்டே ஆண்டில், 1974-இல், 34-வது திருத்தத்தின் மூலம் சட்டத்தை முழுசாகத் தூக்கி ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிட்டார்கள். கோர்ட் அடித்த பகுதியும் சேர்ந்தே உள்ளே போயிற்று.

ஒன்பதாவது அட்டவணை 1951-இல் முதல் திருத்தத்தோடு வந்தது. அன்று அதில் இருந்தவை 13 சட்டங்கள், இப்போது எண்ணிக்கை 284. உறுப்பு 31-பி அவற்றுக்குக் காப்பு. அடிப்படை உரிமையை மீறினாலும் அந்தக் காரணத்துக்காகச் செல்லாது என்று சொல்ல முடியாது.

இதைத்தான் கூடலூர்ச் சட்டத்தை எதிர்த்த கோயல்ஹோ வழக்கில், தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான ஒன்பது நீதிபதிகள் 11-1-2007 அன்று உடைத்தார்கள். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 24-4-1973-க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும் கோர்ட் பரிசோதிக்கலாம். உறுப்புகள் 14, 19, 21 சொல்லும் உரிமைகளின் (சமத்துவம், பேச்சு முதலிய சுதந்திரங்கள், உயிர்) சாரத்தை அந்தச் சட்டம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். அடிப்படைக் கட்டமைப்பைக் குலைத்தால் சட்டம் விழும். நம் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் 76-வது திருத்தம் வழியாக உள்ளே போனது. அதுவும் இந்தத் தேதிக்குப் பிந்தையதுதான். கூடலூர்த் தேயிலைக் காட்டு வழக்குக்கு சென்னையில் இத்தனை கவலை ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அவர் சொல்வதில் சரியான பாதி: கோயல்ஹோ தீர்ப்பு கதவைத் திறந்ததே தவிர, கூடலூர்ச் சட்டம் தப்பு என்று சொல்லவில்லை. தகுதியைப் பார்க்க வழக்கை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. 2010-இல் கிளன்ராக் எஸ்டேட் வழக்கில் அந்த அமர்வு சட்டம் செல்லும் என்றது. ஏற்கனவே நடந்து முடிந்த நடவடிக்கைகளைக் கிளறக் கூடாது என்று 2007 தீர்ப்பிலேயே ஒரு வரி இருக்கிறது. ஆக, "சட்டமே செல்லாது" என்று இன்று வாதாடினால் வக்கீல் பீஸ்தான் வீண். "சட்டத்தின் கீழ் எடுத்த இந்த நடவடிக்கை செல்லாது" என்பதுதான் திறந்திருக்கும் வழி.

குந்தா பாலம்

எல்லாம் சரி சார். வழக்குப் போட்டவர்கள் யார்? ஆயிரக்கணக்கான ஏக்கர் குத்தகை வைத்திருந்த எஸ்டேட்கள். "அரசின் அதிகாரத்துக்குக் கடிவாளம், தனிமனித சுதந்திரம்" என்று பேசினால் பலன் போவது அவர்களுக்கு. பிரிவு 17-இல் உண்மையில் மாட்டிக்கொண்டு கிடப்பது யார்? 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், மவுண்டாடன் செட்டி, வயநாடன் செட்டி விவசாயிகள், பணியர் காலனிகள். இவர்களுக்கு ஒன்பது நீதிபதி தீர்ப்பு ஒரு கரண்ட் கம்பம்கூட நட்டுத் தரவில்லை. 1972-இல் கோர்ட் எஸ்டேட் பக்கம் நின்றதால்தானே நிலச் சீர்திருத்தத்துக்கு அரசு அட்டவணையைத் தேடி ஓட வேண்டிவந்தது?

வழக்குக்கட்டு

குந்தா பாலம் அண்ணே, கடைசி வரியை மறுக்க மாட்டேன். ஆனால் உள்ளடக்கத்தில் அரசைக் கட்டுப்படுத்துவது வேறு, நடைமுறையில் கட்டுப்படுத்துவது வேறு. "இந்த நிலத்தை எடுக்கவே கூடாது" என்று வாதாடப் பணமும் இருபது வருடப் பொறுமையும் வேண்டும். எஸ்டேட்டுக்கு அது இருந்தது, அப்படியும் 2010-இல் தோற்றது. "நோட்டீஸ் கொடுத்தாயா, கேட்டாயா, காரணம் எழுதினாயா" என்று கேட்க ஒரு குயர் பேப்பரும் பதிவுத் தபால் செலவும் போதும். அஞ்சு சென்ட் வீட்டுக்காரருக்கு இரண்டாவதுதான் ஆயுதம்.

பிரிவு 17 என்ன சொல்கிறது? தோட்டப் பயிருக்குக் குத்தகைக்கு விட்ட ஜென்ம நிலத்தில் குத்தகை தொடரும், ஜென்மியின் இடத்தில் இனி அரசு. பொதுநலன் என்று அரசு கருதினால் அறிவிப்புக் கொடுத்து அந்த உரிமையை முடிக்கலாம். "அரசு கருதினால்" என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். கருதுவதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், கோப்பில் அது பதிவாகியிருக்க வேண்டும். சொத்துரிமை 1978-இல் 44-வது திருத்தத்தோடு அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து வெளியே போய், சட்டத்தின் வழியாக மட்டுமே சொத்தைப் பறிக்கலாம் என்னும் உறுப்பு 300-ஏ ஆகிவிட்டது. அதனால் பலம் போய்விட்டது என்று நினைப்பது பழைய கதை. மே 2024-இல் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 300-ஏ-க்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாகப் பிரித்துக் காட்டியது: முன்னறிவிப்பு, சொல்வதைக் கேட்பது, காரணத்தோடு முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, காலதாமதமில்லாத நடைமுறை, எடுப்பை முறையாக முடித்து வைப்பது. ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு.

இனி நோட்டீஸ். ஒட்டிய நோட்டீஸைக் கிழித்து எடுக்காதீர்கள். கதவோடு சேர்த்துத் தூரத்தில் ஒரு படம், எழுத்து தெரியக் கிட்டத்தில் ஒரு படம். நோட்டீஸில் போட்ட தேதியும் ஒட்டிய தேதியும் வேறாக இருந்தால் இரண்டையும் குறித்து, பக்கத்து வீட்டார் இருவர் பெயரோடு வையுங்கள். தபாலில் வந்தால் கவரைத் தூக்கிப் போடக் கூடாது. நோட்டீஸைவிடக் கவரில் உள்ள தபால் முத்திரை பெரிய சாட்சி, முன்தேதி போட்ட வேலை அதில்தான் பிடிபடும்.

அடுத்து எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்றால் பிரிவு 7 விளக்கம் கேட்கும் நோட்டீஸ், அதன் பிறகுதான் பிரிவு 6 வெளியேற்றம். 7 வராமல் 6 நேராக வந்தால் அதுவே ஒரு ஆட்சேபணை. கட்டட விதிமீறல் என்றால் 1971 நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவுகள் 56, 57. சட்டத்தின் பெயரே போடாமல் "அரசு நிலம், காலி செய்யவும்" என்று மட்டும் இருந்தால் பதிலின் முதல் பத்தி அதுதான். பெரிய எஸ்டேட் சர்வே எண்ணை மட்டும் போட்டு உட்பிரிவு இல்லாமல் வந்தால், எத்தனை சென்ட், நான்கெல்லை எது என்று கேளுங்கள்.

பதில் எழுதுவதில்தான் அதிகம் சறுக்குகிறது. "ஏழைகள், கருணை காட்டுங்கள், மாற்று இடம் கொடுத்தால் போய்விடுகிறோம்" என்று கூட்டமாகக் கையெழுத்துப் போட்டுக் கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறார்கள். அந்த மனுவே பின்னால் "ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்டார்கள்" என்று கோர்ட்டில் அரசு போடும் எதிர் வாக்குமூலத்தில் இணைப்பாக வரும். கருணை மனு வேறு, ஆட்சேபணை வேறு. ஆட்சேபணையில் வேண்டியது: ஆக்கிரமிப்பு என்பதை மறுக்கிறேன், எத்தனை ஆண்டு அனுபவம், என்ன ஆவணம், நீங்கள் நம்பும் வரைபடத்துக்கும் இட ஆய்வு அறிக்கைக்கும் நகல் கொடுங்கள், நேரில் விசாரணை வேண்டும். ஆவணம் என்றால் வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், பள்ளிச் சான்றிதழில் உள்ள முகவரி, எஸ்டேட்டில் வேலை செய்த சம்பளச் சீட்டு எல்லாம் சேரும். ஒரு பிரதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். இன்னொன்று அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

அதே நாளில் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனு. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கோப்பின் குறிப்புத்தாள்களோடு சான்றிட்ட நகல் கேளுங்கள். 30 நாள் கெடு. பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வீட்டை இடிக்கத் தேதி குறித்துவிட்டார்கள் என்றால், உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்த தகவலுக்கு 48 மணி நேரம் என்ற விதியைக் குறிப்பிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். கொடுக்காவிட்டாலும் கேட்டது பதிவாகும்.

இடிப்புக்குத் தனி விதி இருக்கிறது. 13-11-2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பதிவுத் தபாலில் நோட்டீஸ், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும், கையில் கிடைத்து 15 நாள் கழியாமல் நடவடிக்கை கூடாது. நேரில் கேட்டு, காரணத்தோடு இறுதி உத்தரவு போட்டு, அதன் பிறகும் 15 நாள் விட வேண்டும். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். மீறினால் இழப்பீடு அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து. சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை போன்ற பொது இடங்களுக்கு இது பொருந்தாது. கோர்ட் உத்தரவின் பேரில் நடக்கும் இடிப்புக்கும் பொருந்தாது. இந்தக் கடைசி விலக்கு நீலகிரியில் ரொம்பப் பெரிய ஓட்டை. அதைப் பற்றி யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

பாடந்தொரை

வழக்குக்கட்டு சார் விட்ட ஒரு சட்டம் 2006 வன உரிமைச் சட்டம். பிரிவு 17 நிலத்தை வனத்துறை காடு என்று சொன்னால் பலர் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் 'வன நிலம்' வரையறைக்குள் எல்லை குறிக்கப்படாத காடும், காடாகக் கருதப்படும் நிலமும் வரும். காடு என்று அவர்கள் வாதிட்டால் அங்கே வன உரிமைச் சட்டமும் கூடவே வந்து உட்காரும். பிரிவு 4(5) படி, உரிமைக் கோரிக்கையை அங்கீகரித்துச் சரிபார்க்கும் பணி முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

பழங்குடியினர் 13-12-2005-க்கு முன் அனுபவத்தில் இருந்தால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். செட்டி சமூகத்தாருக்கு இது முடியும். 1960-களுக்குப் பிறகு வந்த தாயகம் திரும்பியோருக்கு முடியாது, அவர்களுக்கு இந்தச் சட்டத்தைக் காட்டி நம்பிக்கை கொடுப்பது தவறு. உச்ச வரம்பு 4 ஹெக்டேர், அதுவும் உண்மையில் அனுபவத்தில் உள்ள அளவுதான்.

தனிநபர் கோரிக்கை படிவம் 'அ', சமூக உரிமை 'ஆ', சமூக வன வளம் 'இ'. கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். குழு கோரிக்கையைப் பெற்று ஒப்புகை தர வேண்டும், அந்தச் சீட்டு இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். குறைந்தது இரண்டு ஆதாரம் வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலம், பழைய கல்லறை, கோயில், கிணறு எல்லாம் ஆதாரமே. "சாட்டிலைட் படம் இல்லை" என்று நிராகரிப்பது 2012 விதித் திருத்தத்துக்கு எதிரானது, குறிப்பிட்ட ஆவணம் ஒன்றையே கட்டாயப்படுத்தக் கூடாது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு.

கூடலூரில் மட்டும் வரும் ஒரு சிக்கல்: ஓவேலி, தேவர்சோலை பேரூராட்சிகள், நெல்லியாளம் நகராட்சி. அங்கே ஊராட்சிச் சட்டப்படியான கிராம சபையே கிடையாது. "சபை இல்லை, கோரிக்கை வாங்க முடியாது" என்று திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். வன உரிமைச் சட்டத்தின் 'கிராமம்' பழைய குடியிருப்பு, அளவை செய்யப்படாத கிராமம் இவற்றையும் சேர்த்தது. சபையை அந்தக் குடியிருப்பு அளவில் கூட்டலாம். பாதிப் பேர் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். வருகைப் பதிவேட்டில் இது இல்லையென்றால் தீர்மானம் மேலே போய் முதல் நாளே விழும்.

அண்ணே, கரண்ட் கம்பம் கேட்டீர்களே. பிரிவு 3(2)-ஐப் பாருங்கள். மின் கம்பி, குடிநீர்க் குழாய், அங்கன்வாடி, சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபைப் பரிந்துரையோடு வன நிலத்தைத் தரலாம். டெல்லி போக வேண்டாம்.

மன்னவனூர்ப் பூண்டு

நான் பழனி மலைப் பக்கம். வழக்குக்கட்டு சார் சொன்ன அந்த "பெரிய ஓட்டை" பற்றிக் கேட்கிறேன். எங்கள் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் முன் அனுமதிச் சீட்டு) போட்டது அரசு இல்லை, ஐகோர்ட். அரசு எல்லை தாண்டினால் கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட்டே உத்தரவு போட்டால் எங்கே போவது?

வழக்குக்கட்டு

இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

கூடலூர் நாட்டுக்கு இரண்டு வழக்குகளைக் கொடுத்தது. ஒன்று கோயல்ஹோ, அரசைக் கட்டிப்போட்டது. மற்றது கோதவர்மன் திருமுல்பாடு, 1995-இல் போட்டது. போட்டவர் அதே நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர், விஷயம் கூடலூரில் மரம் வெட்டுவது. 12-12-1996 உத்தரவில், நிலம் யாருடையதாக இருந்தாலும் காடாக இருப்பது காடே, மத்திய அரசு அனுமதி இல்லாமல் வனமல்லாத வேலை எதுவும் அதில் கூடாது என்றார்கள். ஜென்ம நிலத் தோட்டங்களில் நட்டு வளர்த்த நிழல் மரத்தை மட்டும், டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அறிக்கை சொன்ன இனங்களில், குழுவின் மேற்பார்வையில் வெட்டலாம். தானாக முளைத்ததைத் தொடக் கூடாது. அந்த வழக்கு முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2002-இல் ஒரு மத்திய உயர் அதிகாரக் குழுவையும் பெற்றெடுத்தது. காடு பிழைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் சட்டம் போடுவது, அதை நடத்துவது, தீர்ப்புச் சொல்வது மூன்றும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன.

இ-பாஸும் அந்த வரிசைதான். 29-4-2024 உத்தரவு, மே 7 முதல் நடைமுறை. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை எண்ணிக்கை வரம்பும் இருந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் விலக்கு. தேவையா என்றால் கோடையில் காட்டேரி வளைவில் நெரிசலில் நிற்பவர் தேவை என்றுதான் சொல்வார். என் ஆட்சேபணை வழி பற்றியது. இதையே அரசு மோட்டார் வாகனச் சட்டம் 115-இன் கீழ் தானாகச் செய்தால், ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் தடைக்கு கெஜட் அறிவிப்பு வேண்டும், அதை உறுப்பு 19(1)(டி)-ஐ (நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமை) காட்டி எவரும் எதிர்க்கலாம். கோர்ட் உத்தரவை அப்படி எதிர்க்க முடியாது. நீதிமன்ற உத்தரவு அடிப்படை உரிமையை மீறியது என்று ரிட் போட முடியாது என்று 1966-இல் மிராஜ்கர் வழக்கிலேயே ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

மீதி இருக்கும் வழி இரண்டு. அதே வழக்கில் தரப்பாகச் சேர மனுப் போட்டு உத்தரவை மாற்றக் கேட்பது, அல்லது உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. முதல் வழி மலிவு, ஆனால் சங்கமாகப் போங்கள், தனியாளாக வேண்டாம். கேட்பதும் துல்லியமாக இருக்கட்டும். "இ-பாஸை ரத்துச் செய்" என்றால் ஒரே நிமிடத்தில் தள்ளுபடி. "காய்கறி ஏற்ற வெளிமாவட்டப் பதிவில் வரும் லாரிக்குத் தனி வகை கொடு" என்றால் கேட்பார்கள். நீலகிரிச் சீகூர் யானை வழித்தடத் தீர்ப்பிலும் (14-10-2020) வழித்தடத்தை அறிவித்த 2010 அரசாணையை உறுதி செய்தாலும், தனித்தனி ஆட்சேபணையைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டார்கள். ஆவணத்தோடு அந்த மாதிரிக் குழு முன்னால் போவது மறியலைவிடப் பயன் தரும்.

குந்தா பாலம்

அப்போ நான் முதலில் சொன்னதற்கே வருகிறீர்கள் சார். எஸ்டேட்டுக்குக் கோர்ட், நமக்குக் குழு.

வழக்குக்கட்டு

குழுவில் ஜெயித்த பட்டா, ரிட்டில் ஜெயித்த பட்டா என்று தாசில்தார் பிரித்துப் பார்ப்பதில்லை அண்ணே.

செக்போஸ்ட் நிழல்

நிலத்தைத் தாண்டி ஆள் சுதந்திரத்துக்கு வருவோம், மலையில் இதுவும் தினசரிப் பிரச்சினை. வனத்துறை விசாரணைக்குக் கூப்பிட்டால் தெரிந்திருக்க வேண்டியது: போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் ஒப்புதலாக ஏறாது, வன அலுவலரிடம் கொடுத்தது ஏறலாம். கோர்ட்டுகள் அவரைப் போலீஸ் அதிகாரியாகக் கருதுவதில்லை. அதனால் வெள்ளைத் தாளில் கையெழுத்து ஒருக்காலும் வேண்டாம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, கடைசி வரிக்குக் கீழே இடமில்லாமல் கையெழுத்துப் போடுங்கள். வன உயிரினச் சட்டம் 50(8) படி சாட்சியம் பதியும் அதிகாரம் உதவி வனப் பாதுகாவலருக்கும் அதற்கு மேலுள்ளவருக்கும்தான், ரேஞ்சருக்கு இல்லை. பிடித்தால் உடனே மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும்.

"காம்பவுண்டிங் பீஸ் கட்டிட்டுப் போ" என்பது இன்னொன்று. 2022 திருத்தத்துக்குப் பிறகு வன உயிரினச் சட்டத்தில் வரம்பு 5 லட்சம் வரை. அது அபராதம் இல்லை, சமரசம். கட்டாவிட்டால் வழக்கைச் சந்திக்கலாம், மறுக்க உரிமை உண்டு. குறைந்தபட்சச் சிறைத் தண்டனை விதித்த குற்றங்களுக்குச் சமரசமே கிடையாது, அதற்கும் பணம் கேட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ரசீது இல்லாத காம்பவுண்டிங் என்ற ஒன்று சட்டத்தில் இல்லை.

ஓவேலி மிளகு

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சிறு சந்தேகம். அறுபது தாண்டியவரைச் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லலாமா? ரிட் போடுவதென்றால் சென்னையா, மதுரையா?

செக்போஸ்ட் நிழல்

குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டம் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 179: 60 வயதுக்கு மேற்பட்ட ஆண், எந்த வயதுப் பெண்ணும், 15 வயதுக்குக் குறைந்த பையன், மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வீட்டுக்குத்தான் வரவேண்டும். பழைய சட்டத்தில் ஆணுக்கு வயது 65, இப்போது 60. மற்றவர்களுக்கும் அழைப்பு எழுத்தில் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கான 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று ஜனவரி 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் வந்தால் சும்மா இருக்காதீர்கள், "முறைப்படி சார்வு செய்தால் ஆஜராகிறேன்" என்று எழுத்தில் பதில் போடுங்கள்.

வழக்குக்கட்டு

நீலகிரி சென்னை முதன்மை அமர்வு, கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை. போடும்போது "என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடு" என்று மட்டும் கேட்காதீர்கள். எட்டு வாரத்தில் பரிசீலி என்று சுலபமாக உத்தரவு வரும், ஏழாவது வாரம் ஒரு வரியில் நிராகரிப்பும் வரும். "நேரில் விசாரித்து, ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் காரணம் எழுதி முடிவு செய்ய வேண்டும், அதுவரை இப்போதுள்ள நிலை நீடிக்க வேண்டும்" என்று கேளுங்கள். மொகிந்தர் சிங் கில் வழக்குப்படி, உத்தரவில் எழுதாத காரணத்தைப் பின்னால் கோர்ட்டில் வாக்குமூலம் போட்டு அரசு ஒட்டவைக்க முடியாது. நோட்டீஸ் கவர், முத்திரை வாங்கிய பிரதி, ஒப்புகை அட்டை மூன்றையும் அசல் கொடுக்காமல் ஜெராக்ஸ் மட்டும் வக்கீலிடம் கொடுங்கள்.